கார்களுக்குப் பெரட்டு எடுத்த சைரன் அண்ணே

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வரிசையில் இருந்தவர்கள்: நான், அம்மா, அப்பா, முனைச் சாப்பாட்டுக்கடை காசிம் பாய், மற்ற வீட்டுக்காரர்கள், சைரன் அண்ணே. வாசல்களில் பத்தொன்பது கார்கள். இல்லாதவர் ஒருவர்தான். ஒன்பதாம் வீட்டுக் கோமதி அக்கா, தங்கை மகள் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு வேன் பிடித்துச் சித்தியவானுக்குப் போயிருந்தார். காரை வாசலில் விட்டுவிட்டு, சாவியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நடந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

இடி இடித்தால் உலகத்தில் எல்லா மனிதர்களும் வீட்டுக்குள் ஓடுவார்கள். வெளியே ஓடுகிற ஒரே மனிதர் எங்கள் சைரன் அண்ணே. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஈப்போவின் மழையை அறிந்தவர்கள், அந்த மழையில் ஒரு மனிதர் அரைக்கால் சட்டையோடு, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பட்டப்பகலிலும் எரியும் டார்ச் லைட்டுமாக, நின்றுகொண்டிருக்கும் கார்களின் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வரிசைக் கல்யாணப் பத்திரிகைகளிலேயே ‘சைரன் அண்ணே குடும்பத்தார்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். அவரும் அதே பெயரில் மொய் எழுதுவார். அப்பாவுக்கும் அவர் அண்ணே, எனக்கும் அண்ணே, காசிம் பாய்க்கும் அண்ணே. அவர் மனைவியை எல்லாரும் அண்ணி என்போம்.

லகாட் பக்கம் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில் அந்த ஒரு வரிசை முழுவதும் ஒரே தோட்டத்து ஆட்கள். தோட்டத்தை மூடி ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த இருபது குடும்பமும் ஒன்றாகக் கிளம்பி, பக்கத்துப் பக்கத்து வீடாக வாங்கிக் குடியேறின. தோட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ, இங்கும் அப்படியே. தோட்டத்துச் சண்டைகளைக் கூட இடம் மாறாமல் கொண்டுவந்துவிட்டோம் என்று அம்மா சொல்வார்.

சைரன் அண்ணே தோட்டத்தில் பால் வெட்டியவர். மூடிய பிறகு ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், கார் அலங்காரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ரேடியோ பொருத்துவது, கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டுவது என்று எல்லாம் கற்றார். ஆனால் மனதைக் கொடுத்தது அலாரத்துக்கு மட்டும்தான். வயர் உரிக்க அவர் வைத்திருந்தது தன் பழைய பால்வெட்டுக் கத்தி. “மரத்துக்குக் காயம் படாம பட்டைய எடுத்த கை இது. வயர் எம்மாத்திரம்?” என்பார்.

ஒரு வருஷம் தவுக்கே பழைய சரக்கைக் கழித்தபோது, ஒரு பெட்டி நிறைய அலாரம் மலிவாகக் கிடைத்தது. அண்ணே அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வேண்டும் என்றவர்களுக்கும் வேண்டாம் என்றவர்களுக்கும் பொருத்தினார். பத்தொன்பது கார், பத்தொன்பது அலாரம், எல்லாம் ஒரே சத்தம். அவரவருக்குச் சாவியோடு கோத்து ஒரு ரிமோட் கொடுத்தார். தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டார். அதற்கு ‘தாய் ரிமோட்’ என்று பெயர். அதை அமுக்கினால் பத்தொன்பது காரும் கேட்கும்.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு வரிசைக்கு நடுவில் வந்து நின்று அதை அமுக்குவார். ‘பிப் பிப்’ என்று எல்லாக் காரும் ஒன்றாகப் பதில் சொல்லும். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி ஆள் கணக்கு எடுப்பதைப் பெரட்டு என்பார்கள். சைரன் அண்ணே கார்களுக்குப் பெரட்டு எடுத்தார்.

“நாலாம் வீட்டு வண்டி இன்னும் வரலியே. எங்க போயிருக்கான்?”

“ஓவர்டைம் அண்ணே” என்று அந்த வீட்டிலிருந்து குரல் வரும்.

“முன்னக்கூட்டியே சொல்லணும்லா. மனசு பதறுது இல்ல?”

பத்தொன்பது சத்தத்தில் ஒன்று குறைவதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். “கங்காணிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அதே மாதிரிதான்” என்றார்.

இதெல்லாம் நல்ல நாளில். மழை வந்தால் கதை வேறு.

அலாரத்துக்குள் சென்சர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். யாராவது காரை இடித்தால், தட்டினால், அந்த அதிர்ச்சியை உணர்ந்து சைரனுக்குச் சொல்வது அதன் வேலை. எவ்வளவு அதிர்ந்தால் கத்த வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி உண்டு. சைரன் அண்ணே பத்தொன்பது திருகாணிகளையும் கடைசிவரை கூட்டி வைத்திருந்தார். யாரும் குறைத்துவிடாதபடி அதன் தலைமேல் ரப்பர் பால் விட்டு அடைத்தும் வைத்திருந்தார். தாமானுக்குப் பின்னால் சாய்க்க மறந்த ரப்பர் மரம் இரண்டு உண்டு. அதில் வெட்டிய பால்.

ஆகவே ஓர் இடி இடித்தால் போதும், பத்தொன்பது காரும் ஒரே நேரத்தில் அலறும். முப்பது விநாடி அலறி ஓயும்போது அடுத்த இடி வரும். அண்ணே குடையோடு ஓடுவார். சத்தத்தைக் கேட்டே வகை சொல்வார். “இது இடி. இது லாரி போன அதிர்ச்சி. இது பூனை.” ஒருமுறை, “இது திருடன்!” என்று பாய்ந்தார். அதுவும் பூனைதான். கொஞ்சம் பெரிய பூனை.

காசிம் பாய் ஒருநாள் கைகூப்பியே விட்டார். “அண்ணே, என் வண்டியத் திருடன் எடுத்துட்டுப் போனா போகட்டும். ரெண்டு ரொட்டி கட்டிக் குடுத்து அனுப்புறேன். இந்தச் சத்தத்த மட்டும் கொறைங்கலா. மழை வந்தா கடைல ஒரு ஆள் உக்கார மாட்டேங்கிறான்.”

“மழையிலதான் பாய் திருடன் வருவான்.”

“எத்தன பேர் இதுவரைக்கும் வந்திருக்கான்?”

“சத்தம் இருக்கிறதால வரல.”

வராத திருடனை வைத்துக்கொண்டு அவர் பதினைந்து வருஷம் எல்லா வாக்குவாதத்திலும் ஜெயித்தார். அண்ணி மட்டும் சொல்வார்: “கண்ணாலத்தப்ப இடி இடிச்சா என் கையப் பிடிச்சுப்பாருன்னு நெனச்சேன். இவரு கோமதி வீட்டு வண்டியப் போயி தடவிக் குடுக்கிறாரு.”

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பத்தொன்பது காரைக் காத்த மனிதரிடம் கார் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. தோட்டம் மூடியபோது கொடுத்த பணத்தில் பழைய நீலக் கார் ஒன்று வாங்கினார். எங்கள் ஆட்களில் முதல் கார் அதுதான். மூன்றே வாரம். ஒரு மதியம் நல்ல மழை. அவர் உள்ளே படுத்திருந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை அவர் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. என்னிடம் ஒருமுறைதான் சொன்னார். “அது கத்தியிருந்தா நான் எழுந்திருப்பேன்லா, தம்பி. அதுக்குக் கத்தத் தெரியல.”

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஐந்தாம் படிவத்தை, அதாவது பதினோராம் வகுப்பை, தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். அம்மா கையெழுத்துப் போடுவதை என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான பயிற்சிக்கு மனுப் போட்டு, நேர்முகத் தேர்வு வரைக்கும் போனேன். தேர்வு கணினி வழியாக, வீட்டிலிருந்தே. மதியம் மூன்று மணி. ஈப்போவில் மதியம் மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்பதைத் தலைநகரில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது?

முதல் முறை இடி வந்தது. கார்கள் கத்தின. தேர்வாளர்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. ‘உங்களுக்குப் பிடித்த நூல் எது’ என்ற கேள்விக்கு நான் ‘கோமதி அக்கா வீட்டுக் கார்’ என்று கத்தியதாக ஞாபகம். கடிதம் வந்தது. இல்லை என்று எழுதியிருந்தது.

அம்மா நேராகச் சைரன் அண்ணே வீட்டுக்குப் போய்ப் படியேறாமலே கத்தினார். “ஒங்க வண்டிச் சத்தத்துல எம் புள்ள வாழ்க்கை போச்சுண்ணே. திருடன் கூட இவ்வளவு எடுத்துட்டுப் போயிருக்க மாட்டான்.” அன்று சாயங்காலம் அண்ணே பெரட்டு எடுக்க வரவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி அழைப்பு வந்தது. அப்பா தான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையின் சூப்பர்வைசரிடம் எனக்கும் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். “போன தடவ மழை மேல பழியப் போட்ட. இந்தத் தடவயும் போச்சுன்னா திங்கட்கிழமை என்கூடப் பஸ் ஏறு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டவுனில் ஒரு ஹோட்டல் அறை எடுத்து அங்கே உட்காரலாம் என்று நினைத்தேன். சைரன் அண்ணே காதுக்குப் போயிற்று. வந்துவிட்டார்.

“வெளிய போயி உக்காரப் போறியாமே. நம்ம வரிசைல ஒரு அர மணி நேரம் சத்தமில்லாம வச்சிக்க முடியாதா எங்களால?”

“திருகாணியக் கொறச்சிடுங்கண்ணே. அது போதும்.”

“திருகாணி பேச்சு பேசாத. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

அவர் திட்டம் இதுதான். தாய் ரிமோட்டை அமுக்கினால் எல்லா அலாரமும் அணையும். ஆனால் அந்த அலாரங்களுக்கு ஒரு பழக்கம். கதவு திறக்கப்படாவிட்டால், அரை நிமிஷத்தில் தாமாகவே மறுபடி காவலுக்கு நின்றுவிடும். மறதிக்காரர்களுக்காக அண்ணேயே செய்து வைத்த ஏற்பாடு. ஆகவே வரிசை நடுவில் நின்று அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். “அம்பது நூறு தடவ அமுக்கினா விரல் தேஞ்சிடுமா?” என்றார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, முன்னறையில் உட்கார்ந்தேன். திரையில் ஓர் அம்மையாரும் இரண்டு ஐயாக்களும். திரைக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் சைரன் அண்ணே குடை பிடித்துத் தெரு நடுவில் நின்றார். மூன்று பத்துக்கு மழை வந்தது. அவர் அமுக்கினார். இடி இடித்தது. ஒரு கார் வாய் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக நான் வெறும் இடியைக் கேட்டேன். அது அவ்வளவு பெரிய சத்தமே இல்லை.

கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு காற்று குடையை மடக்கிப்போட்டது. அண்ணே ரிமோட்டை உற்றுப் பார்ப்பதும், உதறுவதும், சட்டையில் துடைப்பதும், வாயால் ஊதுவதும் தெரிந்தது. தாய் ரிமோட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது.

அதற்குப் பிறகு வெளியில் பேசியதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணே ஒவ்வொரு வீட்டுக் கம்பிக்கதவையும் தட்டிக்கொண்டு ஓடினாராம். பின்னாலேயே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாவும்.

“சாவிய எடுத்துட்டு வந்து வண்டில ஏறு, சீக்கிரம்!”

“எங்கண்ணே போறோம்?”

“எங்கயும் போகல. ஏறி உக்காரு. கதவ ஒரு சாண் தொறந்து வச்சிக்க. தொறந்திருந்தா அது கத்தாது.”

“எவ்வளவு நேரம்?”

“அவன் வாத்தியார் ஆவுற வரைக்கும்!”

காசிம் பாய் அடுப்பில் போட்ட ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அப்பாவும் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு வந்து ஏறினார்கள். அம்மையார் ஒரு நீண்ட கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் ஜன்னலைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நிற்கும் கார்களுக்குள் எங்கள் வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தது. கதவு திறந்திருந்ததால் எல்லாக் காரிலும் உள்விளக்கு எரிந்தது. எல்லாரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, எங்கோ வெகுதூரம் போகிறவர்கள் போல இருந்தார்கள். எல்லாருடைய வலது காலும் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

பதினெட்டுக் கார்கள். பத்தொன்பதாவது கோமதி அக்காவுடையது. சாவி சித்தியவானில் கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பதில் சொல்ல வாய் திறந்த நேரம் பெரிய இடி ஒன்று இடித்தது. கோமதி அக்காவின் கார் அலறியது. மற்ற பதினெட்டின் பங்கையும் அதுவே எடுத்துக்கொண்டது போல ஓர் அலறல்.

அம்மையார் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். என்ன சத்தம் அது என்று மலாயில் கேட்டார். கார் அலாரம் என்றேன். அவர் பக்கத்து ஐயாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, இரண்டு நிமிஷம் காத்திருக்கிறோம், அதற்கு மேல் முடியாது, அடுத்தவர் இருக்கிறார் என்றார். பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா காருக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது.

சைரன் அண்ணே அந்தக் காரின் பக்கத்தில் நின்றார். முதலில் அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிப் பார்த்தார், அழுகிற பிள்ளையை அமர்த்துவது போல. இடி மறுபடி இடித்தது. அவர் இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். எடுத்தவர் உடனே அடிக்கவில்லை. தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். யாராவது பார்க்கிறார்களா என்று திருடன் பார்ப்பானே, அப்படி. மொத்த வரிசையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பின்கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடியில் ஓங்கி ஒரே அடி.

கை விட்டுக் கதவைத் திறந்து, முன்னால் எக்கி, இன்ஜின் மூடியான பானட்டை விடுவித்து, பால்வெட்டுக் கத்தியால் சைரன் வயரை அறுத்தார். சத்தம் நின்றது. அவர் பானட்டை மெதுவாக மூடினார். உடைந்த கண்ணாடி ஓட்டையில் மழை போகாமல் தன் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். என் தேர்வு முடியும்வரை நகரவில்லை.

அம்மையார் கருவியை மாட்டிக்கொண்டார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது இப்போது நினைவில்லை. கடைசியில் அவர் புன்னகையோடு சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: “அங்கே நல்ல மழை போலிருக்கிறதே. அமைதியான இடம்.”

மறுநாள் கோமதி அக்கா வந்து இறங்கியதும் கத்திய கத்தல் பத்தொன்பது சைரனுக்குச் சமம். “ஐயோ திருடன்! அண்ணே, திருடன் வந்துட்டான்! ஓடி வாங்க!”

அண்ணே ஓடவில்லை. நடந்து வந்தார். “நான்தாம்மா” என்றார்.

அக்கா ஓட்டையைப் பார்த்தார். அதில் அண்ணே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார். அண்ணேயைப் பார்த்தார்.

“ஏண்ணே, பதினஞ்சு வருசமா வருவான் வருவான்னு சொன்னீங்களே, அது நீங்கதானா?”

வரிசையே சிரித்தது. அண்ணே சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துக் கோமதி அக்கா கல்யாண வீட்டுப் பலகாரப் பையை அண்ணே கையில் கொடுத்தார். “கண்ணாடி மாத்துங்க. சைரன மட்டும் திருப்பி மாட்டாதீங்க. இனிமே என் வண்டிய நீங்கதான் திருடணும்.”

கடிதம் வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை தனியாகப் பஸ் ஏறினார்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும்போது ஆறரை மணிக்கு வாசலுக்கு வந்துவிடுவேன். அண்ணே புது ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறார். அமுக்குவார். பதினெட்டுக் கார்கள் ‘பிப் பிப்’ என்று பதில் சொல்லும். ஒரு நொடி கழித்து, கோமதி அக்கா வீட்டுப் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் அவரே ‘பிப் பிப்’ என்று சொல்லிக்கொள்வார். யாரும் சிரிப்பதில்லை.

கண்ணாடிக்கு ஆன செலவை நான் கொடுக்க வந்தேன், வரிசைக்காரர்கள் விடவில்லை. கோமதி அக்காவைத் தவிர்த்து, கார் உள்ள மற்றப் பதினெட்டு வீடும் ஐந்து ஐந்து வெள்ளி பணம் போட்டன. உங்களுடையது கார் இல்லாத வீடு, நீங்கள் போட வேண்டாம் என்று அண்ணேயிடம் சொன்னோம். அவர் பத்து வெள்ளியை எடுத்து வைத்தார். ஐந்து அவர் வீட்டுக்கு, ஐந்து உடைத்த கைக்கு என்றார். மொத்தம் நூறு வெள்ளி.